தண்ணீர் பிடிக்கும்

முன்னூற்று எண்பது பக்கத்தில் அந்தப் பெண் ஒரு தடவைகூடப் படுக்கை விரிப்பைத் துவைக்கவில்லை. கிளெனிஸ் பாஸ்கோவுக்கு நாவலின்மேல் முதல் கோபம் அங்கேதான் வந்தது. மூன்று பிள்ளைகள், அதுவும் ஊர் உலகத்தில் இல்லாத மாதிரிப் பிள்ளைகள், ஒரு கோடை முழுக்க அவள் பொறுப்பில் இருக்கிறார்கள். ஒருவன்கூடப் படுக்கையை நனைக்கவில்லை, ஒருத்திகூடக் கடிக்கவில்லை. எழுதியவர் பிள்ளை வளர்த்தவரா, இல்லை பிள்ளைகளை ஜன்னல் வழியாகப் பார்த்தவரா என்று கிளெனிஸுக்குச் சந்தேகம்.

கதை இவ்வளவுதான். வேலைவெட்டி இல்லாத ஓர் இளம்பெண் பணக்கார வீடொன்றுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். அந்தப் பிள்ளைகளுக்குக் கோபம் வந்தால் காதோரத்திலும் கழுத்திலும் பச்சை இலை முளைக்கும். முதலில் நகவெட்டியால் வெட்டிவிடுகிறாள். பாதிப் புத்தகத்தில் ஞானம் வந்து, வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்த விதிமுறைகளை எருக்குழியில் வீசிவிட்டு, பிள்ளைகளை ஓடைக்கரையில் விட்டுவிட்டு, உள்ளே போய் டீ போடுகிறாள். இலைகளெல்லாம் பூக்கின்றன. எல்லோரும் சிரிக்கிறார்கள். முடிந்தது.

விசித்திரமான பிள்ளைகளை வளர்ப்பதைப் பற்றி யாரும் சொல்லத் துணியாததைச் சொல்லும் வேடிக்கையான நாவல் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் கிளெனிஸ் படித்தாள். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவே வண்டியைப் பள்ளிக்குப் பின்னால் நிறுத்தி, ஸ்டியரிங்மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் பத்து நாள் படித்தாள். பயத்தைப் பற்றி எங்காவது ஒரு வரி வராதா என்று தேடினாள். அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை பயமே வரவில்லை. பசியோடு போய் உட்கார்ந்தவளுக்குத் தட்டில் பிளாஸ்டிக் பழத்தை வைத்த மாதிரி இருந்தது.

கிளெனிஸ் வீட்டில் இருந்த பிள்ளைகளுக்கு இலை முளைக்கவில்லை. மார்லிக்கு ஏழு வயது, தம்பி ஜெட்டுக்கு ஐந்து. பதினோரு மாதத்துக்கு முன்னால் குழந்தைகள் நலத் துறைக்காரர்கள் இரண்டு குப்பைப் பைகளில் துணிமணியை அடைத்து, பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே நடப்பார்கள், கழிப்பறைக்குக்கூட. வந்த முதல் வாரமே மழைநீர்த் தொட்டியில் காதை வைத்து நின்றார்கள். தகரத்தைத் தட்டுவார்கள், கேட்பார்கள், சிரிப்பார்கள், பதில் சொல்வார்கள். குளிக்கும் தொட்டியில் உடுப்போடு படுத்து முகத்தை உள்ளே அமிழ்த்திக்கொள்வார்கள். எழுப்பாவிட்டால் எழுந்திருக்க மாட்டார்கள். கால்வாயில் பாசனத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று திராட்சைத் தோட்டக்காரர்களுக்கே போனில் செய்தி வந்தால்தான் தெரியும். இவர்கள் அதற்கு முன்னாலேயே வேலியோரம் போய் நிற்பார்கள்.

"அம்மா வந்தாச்சு" என்பாள் மார்லி.

தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து முதல் தடவை கிளெனிஸ் பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். பிள்ளைகள் அவளை என்றைக்கும் கிளென் என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மா என்றால் தண்ணீர்.

பெற்றவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பின்சீட்டில் இரண்டு பேரையும் பெல்ட் போட்டு உட்காரவைத்து, காரை நீர்த்தேக்கத்துக்குள் விட்டுவிட்டாள். மார்லி தம்பியின் பெல்ட்டை அவிழ்த்து, அவனை இழுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே வந்தாள். அம்மா வரவில்லை. வரவில்லை என்றால் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். தண்ணீரெல்லாம் எங்கேயோ ஒன்றாகச் சேருகிறது என்று பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை இந்த மூன்றையும் சேர்த்து முடிவுக்கு வந்துவிட்டது. அந்த முடிவை எப்படி உடைப்பது என்று கிளெனிஸுக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். "அம்மா வந்தாச்சு" என்று அவர்கள் சொன்னால் அந்தக் கணமே இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். அழுதாலும் கடித்தாலும் விடக் கூடாது. அரைமணி நேரத்தில் அடங்கும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு நான்கு மாதம் ஆயிற்று. முன்கையில் பல் தடங்கள் இருந்தன.

இதையெல்லாம் அவள் வெளியே சொல்லக் கூடாது. பிள்ளைகளின் குடும்பக் கதை பிள்ளைகளுக்குச் சொந்தம், வளர்ப்பவர் அதை எவரிடமும் பேசக் கூடாது என்று துறையில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஒரு தடவை வாய்தவறிவிட்டாள். பள்ளி நீச்சல் வகுப்பில் மார்லி தண்ணீரைவிட்டு வரமாட்டேன் என்று ஆசிரியையைக் கீறிவிட்ட அன்று, பிள்ளைக்கு வக்காலத்து வாங்கப்போய் உண்மையைச் சொன்னாள். ஒரு வாரத்தில் பள்ளி மைதானம் முழுக்கத் தெரிந்துவிட்டது. செத்துப்போனவளின் பிள்ளை என்று பெரிய பையன்கள் மார்லியைப் பார்த்து மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக் காட்டினார்கள். துறையிலிருந்து கடிதம் வந்தது: இன்னொரு தடவை நடந்தால் பிள்ளைகள் அங்கே இருப்பது குறித்து மறுபரிசீலனை செய்யப்படும். கிளெனிஸ் அந்தக் கடிதத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். மாவு எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

இப்போது புதிதாக ஒன்று வந்தது. வளர்ப்பவர்களுக்கு ஓய்வு வேண்டும் என்று மாதத்துக்கு ஒரு வாரக்கடைசி பிள்ளைகளை இன்னொருவர் வீட்டில் விடுவது துறையின் வழக்கம். அந்த இன்னொருவராக டாம்சின் ஹார்ட்டிகனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மெல்பர்னிலிருந்து வந்து ஆற்று வளைவில் வீடு கட்டிக்கொண்டவள், ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறவள். இரக்கமுள்ளவள், சுறுசுறுப்பானவள், நாளெல்லாம் நல்லதே நினைக்கிறவள். வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே நாற்பது அடி புல்தரை. வீட்டையும் புல்தரையையும் சுற்றி வேலி உண்டு, ரோட்டுக்கும் ஆற்றுக்கும் போக ஒரே கேட் உண்டு. துறையின் ஆள் வந்து பார்த்து டிக் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

பிள்ளைகளின் பொறுப்பதிகாரி லியன் விடுப்பில் இருந்தாள். அவளுக்குப் பதிலாகப் போனை எடுத்தவர், எல்லாம் கோப்பில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கிளெனிஸ் புதன்கிழமை வாசகர் வட்டத்துக்கு அரைமணி முன்னதாகவே போனாள். டாம்சின் பூரிப்போடு அந்தத் தாளை எடுத்துக் காட்டினாள். ஒரே ஒரு பக்கம். தேவைகள் என்ற இடத்தில், அன்புக்குரிய ஒருவரை இழந்தவர்கள் என்று இருந்தது. பிடித்தவை என்ற இடத்தில் தண்ணீர், ஸ்பெகட்டி, நாய்கள்.

கிளெனிஸ் தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் காலி. சொல்லிவிட வேண்டும், ஆனால் சொல்லக் கூடாது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. புத்தகத்தைப் பற்றிப் பேச எவரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லையே. வட்டத்தில் அன்றைக்குப் பேசப்போவது இலை முளைக்கும் பிள்ளைகளின் நாவலைத்தான். தேர்ந்தெடுத்தவளும் டாம்சின்தான். புத்தகத்தைச் சாக்காக வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். கெட்டிக்காரத்தனம்தான்.

எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டாம்சின் அந்தக் கதாநாயகியின் தைரியத்தைப் புகழ்ந்து முடித்ததும் கிளெனிஸ் கையைத் தூக்கினாள். வழக்கமாக அவள் வாயே திறக்க மாட்டாள்.

"அவ பிள்ளைங்கள ஓடைக்கிட்ட விட்டுட்டு உள்ள போய் டீ போடறாளே, அந்த எடம் எனக்கு அடியோட புடிக்கல."

"எனக்கு அங்கதான் கண்ணே கலங்கிச்சு கிளெனிஸ்" என்றாள் டாம்சின்.

"பிள்ளைங்களுக்குத் தண்ணி புடிக்கும்னு எழுதியிருக்கு. ஏன் புடிக்குதுன்னு யாரும் கேக்கல. அதக் கேக்காம எப்படி விட்டுட்டுப் போறா?"

ஓடை என்பது ஒரு உருவகம், விடுதலையைக் குறிக்கிறது என்று டாம்சின் பொறுமையாக விளக்கினாள். பஸ் ஓட்டறவங்களுக்கு ஓடைன்னா ரோடு மறிச்சுக்கிச்சுன்னு அர்த்தம் என்றார் பழைய தபால்காரர் நெவில். எல்லோரும் சிரித்தார்கள். கிளெனிஸும் கொஞ்சம் சிரித்துவிட்டு, டாம்சினை மட்டும் பார்த்து மறுபடி ஆரம்பித்தாள்.

"சில பிள்ளைங்க அம்மா வந்தாச்சுன்னு சொல்லும். அப்படிச் சொன்னா எந்த அம்மா, எங்கேருந்து வந்தான்னு பாக்கணும். கைய விடவே கூடாது. வளக்கறதுன்னா அதத்தான எழுதணும்?"

டாம்சின் புருவத்தைச் சுருக்கிப் புத்தகத்தைப் புரட்டினாள். "அம்மா வந்தாச்சா? அப்படி இதுல எந்தப் பிள்ளையும் சொல்லலையே. முழுசா படிச்சீங்களா கிளெனிஸ்?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. ஆனால் நெவில் இருமுவது மாதிரிச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவள் கிளெனிஸின் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள், அது சிரிப்பைவிட மோசம். கிளெனிஸ் ஒரு வரி விடாமல் படித்திருந்தாள். பதினைந்து வயதில் படிப்பை நிறுத்தியவளுக்கு அந்தக் கேள்வி எப்படிச் சுருக்கென்று தைக்கும் என்று கேட்டவளுக்குத் தெரியாது. முகம் காது வரைக்கும் சிவந்தது. தட்டிலிருந்த தேங்காய்ப்பூக் கேக்கை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு, கூட்டம் முடியும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் உயிரைவிட அன்றைக்கு அவளுக்கு மானம் பெரிதாகிவிட்டது. வேறு எப்படிச் சொன்னாலும் அதுதான் உண்மை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டாள். டாம்சின் வாசலுக்கு வந்தாள். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்த முகம் கிளெனிஸிடம் திரும்பும்போது கொஞ்சம் இறுகியது. தான் ஆசையாகத் தேர்ந்தெடுத்த புத்தகத்தை எட்டுப் பேர் முன்னால் கரித்துக் கொட்டினால் யாருக்குத்தான் மனசு கசக்காது? கேட்டைப் பூட்டியே வைத்திருக்கச் சொன்னாள் கிளெனிஸ். தண்ணீர்ப் பக்கம் ஒரு கண் இருக்கட்டும் என்றாள்.

"நீங்க ஓய்வெடுக்கத்தான் இந்த ஏற்பாடே" என்றாள் டாம்சின். "பிள்ளைங்கள எப்பப் பாத்தாலும் இழுத்துப் புடிச்சுக்கிட்டே இருந்தா அதுங்களுக்கும் மூச்சு முட்டும். என்னை நம்புங்க."

ஜெட் மூக்கை உயர்த்திக் காற்றை மோந்துகொண்டிருந்தான். மார்லி அக்காள் தோரணையில் அவனுடைய சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள், விருந்துக்குப் போகிறவனுக்குப் போடுகிற மாதிரி. பிறகு கிளெனிஸின் கையைத் தானாகவே விட்டாள். பதினோரு மாதத்தில் கிளெனிஸ் விடுவதற்கு முன்னால் அவள் கையை விட்டது அன்றைக்குத்தான். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்கள்.

கிளெனிஸ் நேராகப் பேருந்து நிற்கும் கொட்டகைக்குப் போனாள். வண்டியைக் கழுவ வேண்டியிருந்தது. ஹோஸைத் திறந்துவிட்டுச் சக்கரத்தை நனைத்தாள். சேறு கரைந்து சாக்கடைக்கு ஓடியது. சாக்கடை கால்வாய்க்குப் போகிறது, கால்வாய் ஆற்றுக்குப் போகிறது. இது மார்லியின் யோசனை என்று அவளுக்குப் புரிந்தது. அந்தச் சட்டைப் பொத்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. தண்ணீரை நிறுத்தவில்லை, ஹோஸை அப்படியே கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். கடிதம் போகட்டும், கையெழுத்துப் போகட்டும்.

டாம்சின் எடுத்ததும் ஒரே மூச்சில் சொன்னாள். கார், நீர்த்தேக்கம், ஜன்னல், பெல்ட். அம்மா என்றால் தண்ணீர் என்பதையும் சொன்னாள்.

டாம்சின் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா வந்தாச்சுன்னு இப்பத்தான் சொன்னாங்க. நீங்க எதையோ மறந்துட்டுத் திரும்பி வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். நான்தான் கேட்டத் தொறந்துவிட்டேன்."

போன் எங்கேயோ விழுந்தது. ஓடும் காலடி கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

ஒன்பது நிமிடத்தில் கிளெனிஸ் அங்கே இருந்தாள். அந்த ஒன்பது நிமிடத்தைப் பற்றி அவள் பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை. கரையில் ஜெட் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். வந்ததெல்லாம் பழுப்புத் தண்ணீர். வாந்தி எடுக்கிறான் என்றால் உயிர் இருக்கிறது. மார்லியை டாம்சின் இரண்டு கையாலும் மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாள். டாம்சின் தலைவரை நனைந்து, ஒரு செருப்போடு, தாடை நடுங்க உட்கார்ந்திருந்தாள். அவள் முன்கையிலும் இப்போது பல் தடம் இருந்தது.

மார்லி கிளெனிஸைப் பார்த்து, ஒரு சின்னத் தவறைத் திருத்துகிறவள் மாதிரி அமைதியாகச் சொன்னாள். "இன்னும் கொஞ்சம்தான் கிளென். ஜெட்டோட கைய அம்மா புடிச்சுட்டா."

டாம்சின் அழவில்லை. கிளெனிஸின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, என்கிட்ட புத்தகத்தப் பத்திப் பேசுனீங்க."

ஆம்புலன்ஸ் வரும்வரை இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை லியன் வந்தாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து, கிளெனிஸ் கையெழுத்துப் போட்ட அதே ஒப்பந்தத்தை விரித்து, மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், பொறுப்பில் இருக்கும் எவரிடமும் உடனே சொல்ல வேண்டும், அது வளர்ப்பவரின் கடமை. மூன்றே வரி. நாவலில் ஒரு வரி விடாமல் படித்தவள், இதில் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டிருந்தாள். கடிதம் வந்த பிறகும் எடுத்துப் பார்க்கவில்லை. துறை அவள்மேல் இப்போது குற்றம் கண்டது, சொன்னதற்காக அல்ல. சொல்லாமல் இருந்ததற்காக.

பிள்ளைகளுக்கு வேறு வீடு பார்த்தாயிற்று என்றாள் லியன். வேறு மாவட்டம். இன்றைக்கே. அவளும் பாவம், அன்றைக்குத்தான் விடுப்பு முடிந்து வந்தவள், கண்ணைப் பார்த்துப் பேச முடியாமல் பேசினாள்.

கிளெனிஸ் கெஞ்சவில்லை. சொல்ல வேண்டியதை இந்தத் தடவை நேராகச் சொன்னாள். அவர்கள் என்ன வார்த்தை சொல்வார்கள், சொன்னால் எப்படிப் பிடிக்க வேண்டும், எவ்வளவு நேரம், எந்தக் குழாயைப் பூட்ட வேண்டும் எல்லாம் சொன்னாள். லியன் தலையாட்டினாள். புதியவர்களுக்கு முழு விவரமும் எழுத்தில் போய்ச் சேரும், பத்து வேலை நாட்களுக்குள் என்றாள். இன்று மாலையே வாயால் சொல்லக் கூடாதா என்று கேட்டாள் கிளெனிஸ். நடந்த விஷயம் விசாரணையில் இருப்பதால் மேலிடம் பார்த்த பிறகுதான் எதுவும் போகும் என்று பதில் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு லியன். அந்த வீட்டுக்கிட்ட தண்ணி இருக்கா?"

"எந்த வீடுன்னு உங்ககிட்ட சொல்ல எனக்கு அனுமதி இல்ல கிளெனிஸ். உங்களுக்கே தெரியும்."

கூடத்தில் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவமனையில் கட்டிவிட்ட பட்டை ஜெட்டின் மணிக்கட்டில் இன்னும் இருந்தது. இந்தத் தடவை குப்பைப் பை இல்லை, கிளெனிஸ் அவர்களுக்கு நல்ல பெட்டியே வாங்கியிருந்தாள். லியன் புது வீட்டுக்காரர்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தாள். தொப்பி இரண்டு, வெயிலுக்குப் பூசும் களிம்பு, பல் துலக்கி, ஜெட்டின் தலையணை. கிளெனிஸ் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

"அப்புறம், ரெண்டு பேருக்கும் நீச்சல் உடுப்பு" என்று படித்தாள் லியன். படித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

கூடத்திலிருந்து மார்லி எழுந்து வந்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, இரண்டு நீச்சல் உடுப்பையும் எடுத்தாள். மடித்துப் பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்து, மூடியை அழுத்தி, தானே ஜிப்பை இழுத்து மூடினாள்.